தள்ளிப்போடும் மாத்திரையும் காலில் உறையும் ரத்தமும்

பங்குனி பிறந்தால் கோபி, சத்தியமங்கலம் பக்கத்து மருந்துக்கடைகளில் மாதவிடாயைத் தள்ளிப்போடும் ஒரு மாத்திரை நன்றாக ஓடும். "அண்ணா, பூச்சாட்டு வந்துருச்சுங்க, தள்ளிப்போற மாத்திரை குடுங்க" என்றால் போதும், பெயர்கூடச் சொல்ல வேண்டாம். பண்ணாரியில் குண்டம் இறங்க விரதம் இருக்கும் பெண்ணும், வீட்டில் கல்யாணம் வைத்திருக்கும் பெண்ணும் வாங்குவது பெரும்பாலும் நோரெத்திஸ்டெரோன் 5 மில்லிகிராம். வழக்கமாக ஒரு நாளைக்கு மூன்று. டாக்டர் சீட்டுக்குத்தான் தர வேண்டும். நோம்பி நெருக்கடியில் பல கடைகளில் சீட்டைக் கேட்பதில்லை.

வாங்குகிறவர்கள் இதைக் கருத்தடை மாத்திரையோடு சேர்த்து நினைப்பதே இல்லை. இது புரோஜெஸ்டோஜன் வகை ஹார்மோன். கருத்தடைக்கான மினி மாத்திரையில் இந்த வகை மிகச் சிறிய அளவில் இருக்கும். அந்த அளவில் ரத்தம் உறையும் ஆபத்து கூடுவதாகத் தெரியவில்லை. ஆனால் நோரெத்திஸ்டெரோனில் ஒரு பகுதியை உடம்பு எத்தினைல் எஸ்ட்ராடியோலாக மாற்றிவிடுகிறது. சாதாரணக் கருத்தடை மாத்திரைகளில் இருக்கும் ஈஸ்ட்ரோஜன் அதுதான். தினம் 10 முதல் 20 மில்லிகிராம் விழுங்கினால், 20 முதல் 30 மைக்ரோகிராம் எத்தினைல் எஸ்ட்ராடியோல் உள்ள கருத்தடை மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டதற்குச் சமமாகிறது. மூன்று வேளைக்கு 15 மில்லிகிராம்; கணக்கு அதற்குள்தான் வருகிறது.

சரி, ஈஸ்ட்ரோஜனுக்கும் ரத்தம் உறைவதற்கும் என்ன தொடர்பு? வாய்வழி போன மருந்து குடலில் உறிஞ்சப்பட்டு முதலில் போய்ச் சேரும் இடம் கல்லீரல். ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களையும், அளவுக்கு மீறி உறையாமல் தடுக்கும் புரதங்களையும் பெரும்பாலும் உண்டாக்குவது அதுதான். எத்தினைல் எஸ்ட்ராடியோல் எளிதில் சிதையாத மூலக்கூறு. அது வந்து சேர்ந்ததும் ஃபைப்ரினோஜனும் ஏழாம், பத்தாம் உறைகாரணிகளும் கூடுகின்றன. தடுக்கும் புரதமான புரோட்டீன் எஸ் குறைகிறது. தராசு உறையும் பக்கம் கொஞ்சம் சாய்கிறது. பெரும்பாலான பெண்களுக்கு இதனால் ஒன்றும் ஆவதில்லை.

சிலருக்கு ஆகிறது. கால் சிரைகளில் ரத்தம் மேலேறிப் போக வால்வுகள் உண்டு. காலிங்கராயன் வாய்க்காலில் நீரோட்டம் தேங்கும் மூலையில் ஆகாயத்தாமரை சேர்வதுபோல, அந்த வால்வுகளின் பின்பக்கக் குழியில்தான் முதல் ரத்தக்கட்டு பிடிக்கிறது. ராத்திரி முழுக்க பஸ்ஸில் காலை மடக்கியே உட்கார்ந்திருந்தால் ஓட்டம் இன்னும் மந்தமாகும். அந்தக் கட்டு பிய்ந்து நுரையீரலுக்குப் போய் அடைத்தால் உயிருக்கே ஆபத்து.

எத்தனை பேருக்கு இப்படி வரும்? கர்ப்பமாக இல்லாத, மாத்திரையும் போடாத 10,000 பெண்களில் ஆண்டுக்குச் சுமார் 2 பேருக்குச் சிரையில் ரத்தக்கட்டு வருகிறது என்பது ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் கணக்கு. அரசு தரும் மாலா-டியில் உள்ள லெவோநார்ஜெஸ்ட்ரல் வகைக் கூட்டு மாத்திரையில் (ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டோஜனும் சேர்ந்தது) 5 முதல் 7 பேர். டிரோஸ்பிரெனோன், டெசோஜெஸ்ட்ரல் வகைகளில் 9 முதல் 12 பேர். பிரசவம் முடிந்த முதல் வாரங்களில் இதைவிடப் பல மடங்கு அதிகம். அதனால் மாத்திரையைக் கண்டு பயந்து நிறுத்தச் சொல்லவில்லை. போடுவதற்கு முன்னால் கேட்க வேண்டியதைக் கேட்டார்களா என்பதே என் கவலை. அம்மாவுக்கோ அக்காவுக்கோ ரத்தக்கட்டு வந்ததுண்டா? சமீபத்தில் பிரசவமா, ஆபரேஷனா? கண்ணில் மின்னலடித்த பிறகு வரும் ஒற்றைத் தலைவலி உண்டா? ரத்த அழுத்தம் எவ்வளவு? ஒரு நிமிஷக் கேள்விகள்தான். ஒரு காலில் மட்டும் கெண்டைக்கால் வீங்கி, சூடாகி, வலித்தால் 'நடந்த அலுப்பு' என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கக் கூடாது. அன்றைக்கே டாப்ளர் ஸ்கேன் பார்க்க வேண்டும். திடீரென மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ 108.

இந்த ஆபத்து புதிதாகத் தெரிந்ததல்ல. முதல் கருத்தடை மாத்திரை எனோவிட் 1960-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மறு ஆண்டே, அதைப் போட்ட ஒரு பெண்ணுக்கு நுரையீரலில் ரத்தக்கட்டு வந்ததை ஓர் ஆங்கிலேய டாக்டர் எழுதினார். பெண்களுக்கு எதுவும் சொல்லப்படவில்லை என்று அமெரிக்க செனட் விசாரணையில் பெண்களே குரல் எழுப்பிய பிறகுதான், 1970-இல், பாக்கெட்டுக்குள் எச்சரிக்கைத் தாள் வைக்க உத்தரவு வந்தது. பின்னாளில் டிரோஸ்பிரெனோன் மாத்திரைகளான யாஸ், யாஸ்மின் வழக்குகளிலும் முக்கியக் கேள்வி அதுவே: ஆபத்தைப் போதுமான அளவு சொன்னார்களா? அவற்றைத் தயாரித்த பேயர் நிறுவனம் தவறை ஒப்புக்கொள்ளாமலே, 10,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு 200 கோடி டாலருக்கு மேல் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது.

நம் ஊரில் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இந்தக் கேள்விக்கு இடம் தருகிறது. போதிய எச்சரிக்கை தராத தயாரிப்பாளர் பொறுப்பாவார். அந்த எச்சரிக்கையை வாங்குபவருக்குச் சேர்க்காமல், அதனால் பாதிப்பு வந்தால், விற்றவரும் பொறுப்பாவார். அப்புறம் கடையில் நடப்பதைப் பாருங்கள். அட்டையைக் கத்தரித்து ஆறு மாத்திரையைக் காகித உறையில் போட்டுத் தருகிறார்கள். எச்சரிக்கைத் தாள் கடையிலேயே தங்கிவிடுகிறது. பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் பெரும்பாலும் வெட்டிய மீதித் துண்டோடு போய்விடுகின்றன. பில்லும் கிடையாது. நாளைக்கு வழக்கென்று போனால் கையில் காட்ட ஒன்றும் இருக்காது.

டாக்டர் மேற்பார்வையில் தர வேண்டிய மருந்துக்கு, அந்த டாக்டரிடம் எச்சரிக்கையைச் சொல்லியிருந்தால் தயாரிப்பாளர் தப்பிக்கவும் அதே சட்டத்தில் வழி உண்டு. எல்லாருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு ஆஸ்பத்திரி, பழைய நுகர்வோர் சட்டத்தின் கீழ் 1995-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, இந்தச் சட்டத்துக்குள் வராது. மற்றபடி ஈரோட்டிலோ திருப்பூரிலோ கோவையிலோ, குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனுப் போடலாம். மாவட்ட ஆணையமா, அதற்கு மேல் உள்ளதா என்பது கொடுத்த விலையை வைத்துத்தான் முடிவாகிறது. அந்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ஸ்கேன் ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சீட்டு, பில், முழு அட்டை நான்கும் பத்திரமாக இருக்கட்டும்.

வழக்குப் போடாவிட்டாலும் பக்கவிளைவைப் பதிவு செய்யலாம். 1800-180-3024 என்ற இலவச எண்ணில் மத்திய அரசின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்குச் சொன்னால் போதும். மாத்திரையால்தான் வந்தது என்று நிரூபிக்க வேண்டியதில்லை; சந்தேகம் இருந்தாலே எடுத்துக்கொள்வார்கள்.