மாப்பிள்ளைக்கு எந்த ஊரில் வாக்கு?

2024 ஜனாதிபதித் தேர்தலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது இளைஞர் ஒருவர் என் அலுவலகத்துக்கு வந்தார். பொலித்தீன் உறைக்குள் இருந்து காணி உறுதி ஒன்றை எடுத்து மேசையில் விரித்தார். "சேர், எனக்கு வாக்காளர் அட்டை வரவில்லை. களுவாஞ்சிக்குடியில் என் பெயரில் வளவு இருக்கிறது, நீங்களே பாருங்கள்."

உறுதியில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவர் கலியாணம் முடித்து நான்கு வருடங்களாகக் கல்லடியில், மனைவியின் வீட்டில் இருக்கிறார். விசாரித்துப் பார்த்ததில் விடயம் விளங்கியது. களுவாஞ்சிக்குடிக்கு வாக்காளர் கணக்கெடுப்புப் படிவம் வந்தபோது தாயார், "மகன் கலியாணம் முடித்துப் போய்விட்டான்" என்று சொல்லியிருக்கிறார். கல்லடியில் மாமியாரோ, "மருமகனுக்கு வாக்கு அவருடைய ஊரில்" என்று சொல்லியிருக்கிறார். இருவருமே மனமறிந்து பொய் சொல்லவில்லை. பெயர் மட்டும் இரண்டு ஊர் வாக்காளர் இடாப்பிலும் இல்லை.

"இந்த முறை ஒன்றும் செய்ய இயலாது தம்பி" என்றேன். அவர் உறுதியை மடிக்காமலேயே கொஞ்ச நேரம் இருந்தார்.

எங்கள் பகுதியில் ஆண்தான் பெண் வீட்டுக்குக் குடிபோகிறான். மட்டக்களப்பிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று வரை, தமிழர் முஸ்லிம் என்ற பேதமில்லாமல் இதுதான் வழக்கம். அதனால் இந்தச் சிக்கலும் பெரும்பாலும் மாப்பிள்ளைமாருக்கே வருகிறது.

1980ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க வாக்காளர் பதிவுச் சட்டம் உறுதியைக் கேட்பதில்லை. பிறந்த ஊரையும் கேட்பதில்லை. நீங்கள் சாதாரணமாக வதியும் இடம் எது என்பதே அதன் கேள்வி. 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின், வதிவிடம் எது என்று கணிக்கும் நாள் பெப்ரவரி 1. முன்பு அது ஜூன் 1 ஆக இருந்தது. வாடகை வீட்டில் இருப்பவருக்கும் அந்த வீடே வதிவிடம். அடையாள அட்டையில் பழைய விலாசம் இருப்பதாலேயே ஒருவர் பழைய ஊரின் வாக்காளராகிவிட மாட்டார்.

அதே நேரம், ஒரு வீட்டில் சில நாள் படுத்து எழும்புவதால் அது வதிவிடம் ஆகிவிடாது. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் குடும்பத்தை வைத்துவிட்டு வேளாண்மைக் காலத்தில் மேற்கே படுவான்கரை வாடியில் தங்குபவருக்கு வீடு எழுவான்கரையில்தான். வந்தாறுமூலைப் பல்கலைக்கழக விடுதியில் படிக்கும் பிள்ளை விடுமுறைக்குத் திரும்புவது பெற்றோர் வீட்டுக்கு. தற்காலிகமாக விலகியிருப்பது வேறு, குடிபெயர்வது வேறு.

கட்டாரில் இருக்கும் மகனை வீட்டில் இருப்பதாக எழுதிக் கொடுக்கும் தகப்பன்மாரையும் பார்க்கிறேன். பாசத்தில் செய்கிறார்கள், ஆனால் தெரிந்துகொண்டு பொய்த் தகவல் கொடுப்பது குற்றம். வெளிநாட்டிலிருந்தபடி வாக்களிக்கும் வசதி நம் நாட்டில் இல்லை. அந்தப் பெயரில் வேறொருவர் போய் நிற்கத்தான் அது வழி திறக்கும். பிள்ளை எங்கே இருக்கிறார் என்பதைக் கிராம உத்தியோகத்தரிடம் உள்ளபடி சொல்லுங்கள்.

எந்த ஊரில் பதிந்தால் என்ன என்று கேட்கலாம். களுவாஞ்சிக்குடி பட்டிருப்புத் தொகுதி, கல்லடி மட்டக்களப்புத் தொகுதி. பாராளுமன்றத் தேர்தலில் இரண்டும் ஒரே மாவட்டம்தான். உள்ளூராட்சியில் அப்படியில்லை: கல்லடியின் தெருவிளக்குக்கும் குப்பைக்கும் பொறுப்பு மாநகர சபை, களுவாஞ்சிக்குடிக்கோ பிரதேச சபை.

இடாப்பு முடிவாவதற்கு முன் நீக்கப்படவுள்ள பெயர்களும் சேர்க்கப்படவுள்ள பெயர்களும் தனித்தனிப் பட்டியலாக மக்கள் பார்வைக்கு வைக்கப்படும். உரிமை கோரவும் ஆட்சேபிக்கவும் அதுவே நேரம். என்னிடம் வருபவர்களில் பலர் அந்தப் பட்டியலைக் கண்ணாலும் கண்டதில்லை. தேர்தல் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் அடையாள அட்டை இலக்கத்தைப் போட்டே பெயர் இருக்கிறதா என்று பார்க்கலாம். வாக்காளர் அட்டை வந்து சேராவிட்டாலும் இடாப்பில் பெயர் இருந்தால், அடையாள அட்டையோடு போய் வாக்களிக்கலாம். பெயரே இல்லையென்றால் எந்த அட்டையும் உதவாது.

அந்த இளைஞர் அந்த வருடம் ஜனாதிபதித் தேர்தலிலும் வாக்களிக்கவில்லை, பொதுத் தேர்தலிலும் வாக்களிக்கவில்லை. அடுத்த முறை படிவம் வந்தபோது அதன் படத்தைத் தொலைபேசியில் எனக்கு அனுப்பியிருந்தார். பிரதான குடியிருப்பாளர் மாமியார். நான்காவது வரியில் இவருடைய பெயர், உறவுமுறைக்கு நேரே நடுங்கும் எழுத்தில் "மருமகன்".