முகம் காட்டாத ஆந்தை

சென்னையில் அடையாறு, கிண்டிப் பக்கம் குடியிருப்பவர்களுக்குப் புள்ளி ஆந்தையைத் தெரிந்திருக்கும். பொழுது சாய்ந்ததும் பொந்தை விட்டு வெளியே வந்து, இணையோடு சேர்ந்து கரகரவென்று கத்தும். தமிழ்நாடெங்கும் வாழும் இந்தப் பறவை இலங்கையில் இல்லை. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர்தான் கடல். அங்கே வேறு ஓர் ஆந்தை இருக்கிறது. உலகில் வேறெங்கும் அது கிடையாது. அதன் பெயர் செரண்டிப் சிற்றாந்தை.

1995இல் கித்துல்கல மழைக்காட்டில் பறவை ஆய்வாளர் தீபால் வரகாகொட, இதுவரை கேட்டறியாத ஒரு குரலைக் கேட்டார். மெல்லிய ஒற்றைச் சுரம். அடுத்ததைக் கேட்க ஏறத்தாழ அரை நிமிடம் காத்திருக்க வேண்டும். குரலுக்குரிய பறவை சிங்கராஜக் காட்டில் கண்ணில் பட்டது 2001 ஜனவரியில். செம்பழுப்பு உடல், சிறு கரும்புள்ளிகள், நீளம் ஒரு சாண் கூட இராது. 2004இல் புதிய இனமாக அறிவிக்கப்பட்டது. 1868க்குப் பிறகு இலங்கையில் கண்டறியப்பட்ட முதல் புதுப் பறவை இதுதான்.

வெறும் குரலை நம்பி ஆறாண்டு தேடலாமா? ஆந்தை விஷயத்தில் தாராளமாகத் தேடலாம். கிளியும் மைனாவும் கேட்டுப் பழகிக் குரலை மாற்றிக்கொள்ளும். ஆந்தையின் கூவலோ பிறவியிலேயே அமைந்தது; குஞ்சுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆகவே அதன் குரல் மரபணுவோடு ஒட்டியே நடக்கிறது. தீவில் ஒதுங்கிய சில பறவைகள் மற்ற கூட்டத்தோடு கலக்க வழியில்லாமல் போனால், தலைமுறைதோறும் சேரும் சிறு மாற்றங்கள் குரலையும் மாற்றுகின்றன. சிற்றாந்தைகள் பலவும் மரப்பட்டை நிறத்தில் ஒன்றுபோலவே இருப்பவை. இருட்டில் இணையை அடையாளம் காண அவற்றுக்குக் குரலே முதல் துணை. குரல் வெகுவாக விலகிய பிறகு, பழைய உறவுக்கூட்டத்தை மீண்டும் சந்தித்தாலும் இணை சேர்வது அரிதாகிவிடும். ஒலியின் சுருதியையும் நேரத்தையும் வரைபடமாக்கிப் பார்த்தால் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும்.

குரல் எவ்வளவு விலகலாம் என்பதற்கு இன்னோர் உதாரணம்: ஆப்பிரிக்காவின் மேற்கே பிரின்சிப்பி தீவில் 2022இல் புதிய இனமாகப் பெயரிடப்பட்ட சிற்றாந்தை, நொடிக்கு ஒன்றாக விடாமல் கூவுகிறது. அதற்கு எஞ்சியிருப்பது சுமார் 15 சதுர கிலோமீட்டர் பழங்காடு மட்டுமே.

நம் பக்கத்து நிக்கோபார் சிற்றாந்தையின் கதை தலைகீழ். பெரிய நிக்கோபாரில் சேகரிக்கப்பட்டு அருங்காட்சியகத்தில் இருந்த இரண்டே உடல்களை வைத்து 1998இல் பறவையியலாளர் பமீலா ராஸ்முசென் அதைத் தனி இனமாக விவரித்தார். உடல் முதலில் கிடைத்தது. காட்டில் அதைப் பற்றி அறிந்தது இன்றும் சொற்பம். அதே தீவில் துறைமுகத் திட்டத்துக்காகச் சுமார் 130 சதுர கிலோமீட்டர் காட்டு நிலம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. மரம் வெட்டும் முன்பே அங்கே ஒலிப்பதிவுக் கருவிகளை வைத்து, ஆண்டு முழுதும் இரவுகளைப் பதிவு செய்தாக வேண்டும். எந்தப் பகுதியில் எத்தனை ஆந்தைகள் கூவுகின்றன என்பதை வேறு எந்த வழியிலும் இவ்வளவு எளிதாக அறிய முடியாது.