மீட்டரில் முழுசு, வண்டியில் காலி

"ஸ்கூட்டரில் இருந்த ஐந்து லெட் ஆசிட் பேட்டரியையும் கழற்றிவிட்டு லித்தியம் போட்டேன். மீட்டர் முழுசாகக் காட்டிக்கொண்டே வந்தது, திடீரென்று நடுரோட்டில் நின்றுவிட்டது. ஐந்து நிமிடம் கழித்து மறுபடி ஓடியது. கெட்டது பேட்டரியா, மீட்டரா?" என்று ஒரு வாசகர் கேட்கிறார். பேட்டரி மாறிவிட்டது, மீட்டருக்கு அது தெரியாது. அவ்வளவுதான் கோளாறு.

லைசென்ஸ் தேவைப்படாத, 25 கிலோமீட்டர் வேக ஸ்கூட்டர்களில் வழக்கமாக 12 வோல்ட், 28 ஆம்பியர்-மணி பேட்டரி ஐந்து வரிசையாக இருக்கும். மொத்தம் 60 வோல்ட், 45 கிலோ அளவு. அந்த 28 என்பது 20 மணி நேரம் நிதானமாக, 1.4 ஆம்பியர் வீதம் இழுத்தால் கிடைக்கிற கணக்கு. வண்டி இழுப்பதோ பத்து ஆம்பியர். அப்போது முக்கால்வாசி தேறினால் பெரிது. லித்தியம் இரும்பு பாஸ்பேட்டில், அதாவது எல்.எஃப்.பி.யில், இந்த நட்டம் மிகக் குறைவு. 30 ஆம்பியர்-மணி பேக் 15 முதல் 18 கிலோவில் முடிந்துவிடும்.

வோல்ட் அளவும் அழகாகப் பொருந்துகிறது. ஒரு எல்.எஃப்.பி. செல் 3.2 வோல்ட், நாலு செல் ஒரு 12 வோல்ட் பேட்டரிக்குச் சமம். 32700 என்ற உருளை செல் (6 ஆம்பியர்-மணி) ஐந்தைப் பக்கவாட்டில் சேர்த்து ஒரு குழு, அப்படி 20 குழு வரிசையாக, ஆக நூறு செல். முழு சார்ஜில் 73 வோல்ட். பழைய பேட்டரிகளும் சார்ஜ் ஏறும்போது அங்கேதான் போய் நின்றன. ஆகவே மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் கன்ட்ரோலரை மாற்ற வேண்டியதில்லை.

இனி மீட்டர். லெட் ஆசிட்டில் அமிலமும் வேதிவினையில் கலந்துகொள்ளும். மின்சாரம் இறங்க இறங்க அமிலம் நீர்த்துப்போகிறது, வோல்ட்டும் கூடவே இறங்குகிறது. வோல்ட்டைப் பார்த்தால் இருப்பு தெரியும். ஸ்கூட்டர் மீட்டர் இதை நம்பித்தான் செய்யப்பட்டது.

எல்.எஃப்.பி. வேறு ஜாதி. இட்லிப் பானையை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கொதிக்கும்வரை சூடு ஏறும், கொதித்தபின் 100 டிகிரியிலேயே நிற்கும். பானை நிறைய இருந்தாலும் அடியில் ஒரு டம்ளர்தான் மிச்சம் என்றாலும் அதே 100. தண்ணீரும் ஆவியும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் அப்படி. செல்லுக்குள்ளும் இதுவே நடக்கிறது. இரும்பு பாஸ்பேட் துகளில் லித்தியம் நிரம்பிய பகுதி, லித்தியம் காலியான பகுதி என்று இரண்டே இரண்டு. பாதி நிரம்பியது என்ற இடைநிலைக்கு அநேகமாக இடமில்லை. வண்டி ஓட ஓட லித்தியம் இந்தத் துகளுக்குள் வந்து சேர்வதால் நிரம்பிய பகுதி வளர்கிறது, காலிப் பகுதி சுருங்குகிறது. வோல்ட்டைத் தீர்மானிப்பது இந்த இரண்டு நிலைகளின் ஆற்றல் வித்தியாசம். எது எவ்வளவு இருக்கிறது என்பதற்கு அதில் பங்கில்லை. அதனால் 20 குழு பேக்கில் 90 விழுக்காடு இருக்கும்போது ஏறக்குறைய 66.5 வோல்ட், 20 விழுக்காட்டிலும் 64.5. பழைய மீட்டருக்கு 63.5 வந்தாலே 'முழுசு'. அது பொய் சொல்லவில்லை, பானையில் வெப்பமானி வைத்துத் தண்ணீர் அளக்கிறது.

பானைக்கு நம் வீடுகளில் வழி உண்டு: அடியில் ஒரு நாணயம் போடுவது, சத்தம் நின்றால் தண்ணீர் தீர்ந்தது. இங்கே அந்த நாணயம் ஷன்ட் மீட்டர், அதாவது ஷன்ட் என்ற சின்ன மின்தடை வழியே ஓடும் மின்சாரத்தை எண்ணும் மீட்டர். 50 ஆம்பியர், 75 மில்லிவோல்ட் ஷன்ட்டை பேக்கின் நெகட்டிவ் கம்பியில், சார்ஜரும் கன்ட்ரோலரும் பிரிவதற்கு முன்பே போட வேண்டும். உள்ளே போனது, வெளியே வந்தது இரண்டையும் எண்ணிக் கழிக்கும். எண்ணிக்கை மெல்லப் பிசகும், ஒவ்வொரு முழு சார்ஜிலும் திருத்திக்கொள்ள வேண்டும்.

எல்.எஃப்.பி.யின் பின்னால் நம்மவர் ஒருவரும் இருக்கிறார். மதுரையில் படித்து சென்னை ஐஐடியில் முனைவரான ஆறுமுகம் மந்திரம், 1980-களில் டெக்சஸில், பின்னாளில் லித்தியம் பேட்டரிக்காக நோபல் பெற்ற ஜான் குட்இனஃபுடன் சேர்ந்து, ஆக்சைடுக்குப் பதில் சல்பேட் போன்ற தொகுதிகளை வைத்தால் இரும்பிலிருந்தும் நல்ல வோல்ட் கிடைக்கும் என்று காட்டினார். அதே குழுவின் பாஸ்பேட் கட்டுரை வந்தது 1997-ல். அது சாலைக்கு வர மேலும் பல ஆண்டுகள். மின்வேதியியலுக்கென்றே ஓர் ஆய்வகத்துக்கு காரைக்குடியில் 1948-ல் அடிக்கல் நாட்டிய நாடு, இன்றும் செல்லுக்குச் சீனாவைப் பார்க்கிறது. மூன்று வருட ஆய்வுத் திட்டத்துக்கு மட்டும் பணம் கொடுத்தால் வேறென்ன நடக்கும்?

சமதளமான வோல்ட் இன்னொரு தொல்லையும் தருகிறது. 20 குழுவில் ஒன்று மட்டும் சார்ஜில் முன்னால் போனால், நடுவில் கண்டுபிடிக்க முடியாது. பேக்குக்குள் செல்களைக் காவல் காக்கும் சர்க்யூட்டான பி.எம்.எஸ். சுமார் 3.4 வோல்ட்டுக்கு மேலேதான் சமன் செய்யும், அதுவும் 50 மில்லி ஆம்பியர் போலச் சொட்டுச் சொட்டாக. ஒரு ஆம்பியர்-மணி வித்தியாசம் தீர 20 மணி நேரம். எண்பது விழுக்காட்டிலேயே சார்ஜைப் பிடுங்கும் பழக்கமுள்ளவர் வாரத்துக்கு ஒருமுறையாவது கடைசிவரை ஏற்ற வேண்டும். "முதல் சார்ஜ் பன்னிரண்டு மணி நேரம்" என்ற கடைக்காரர் மந்திரத்துக்கு லித்தியத்தில் வேறு பொருள் கிடையாது; சமன் செய்ய நேரம் கிடைக்கிறதே, அந்த மட்டும் லாபம். சார்ஜர் 73 வோல்ட் எல்.எஃப்.பி. சார்ஜராகவே இருக்கட்டும். லெட் ஆசிட் தகட்டில் படியும் சல்பேட்டை நீக்க மின்துடிப்பு அனுப்பும் பழைய சார்ஜர் ஆகாது.

பொருத்துவதில் கெடுவது பெரும்பாலும் சின்ன விஷயங்களால். 12 வோல்ட் லித்தியம் ஐந்தைத் தனித்தனியாக வாங்கி வரிசையாக மாட்டுவது பெரிய தப்பு: ஒன்றின் பி.எம்.எஸ். இணைப்பை வெட்டும்போது முழு 60 வோல்ட்டும் அதன் மாஸ்ஃபெட் என்ற மின்னணு ஸ்விட்ச் மேல் விழும், அது எரிந்து ஒட்டிக்கொண்டால் பாதுகாப்பே போய்விடும். கார் பிளேடு ஃபியூஸ் 32 வோல்ட்டுக்கானது. இங்கே உருகினாலும் பொறி அணையாது, 80 வோல்ட் டி.சி.க்கு மேல் தாங்குவதாக 30 ஆம்பியர் ஃபியூஸ் வாங்குங்கள். முதல் இணைப்பை 100 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் வழியே ஒரு நொடி கொடுத்துவிட்டு நேராக மாட்டினால் கனெக்டர் கருகாது. புது பேக் சிறியது, பெட்டிக்குள் ஆடும். ஆடினால் செல்களை இணைக்கும் நிக்கல் பட்டை முறியும். கெட்டி ஃபோம் திணித்து இறுக்குங்கள். பேக் வாங்கும்போது ஏஐஎஸ் 156 என்ற பேட்டரிப் பாதுகாப்புச் சான்று கேளுங்கள். பழைய 45 கிலோவைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தால் ஈயத்துக்கு விலை உண்டு.

ஐந்து நிமிடத்தில் வண்டி உயிர்த்தது எப்படி என்றால், பலவீனமான ஒரு குழு பளுவில் 2.5 வோல்ட்டுக்கு இறங்கியதும் பி.எம்.எஸ். வெட்டிவிட்டது, பளு போனதும் அதே குழு 3 வோல்ட்டுக்கு மேல் ஏறிவர, மறுபடி இணைத்துவிட்டது. அந்த நேரத்தில் ஓட்டுகிற ஒவ்வொரு நூறு மீட்டரும் அந்த ஒரு குழுவின் தலையில்தான் விழுகிறது. இறங்கித் தள்ளுவதே மலிவு.