ஜூஸ் மாதிரி தானே இருக்கு டாக்டர்!

நெஞ்செரிச்சல், புளிச்ச ஏப்பம், காலைல எந்திரிச்சதும் தலைவலின்னு வர்றவங்ககிட்ட டிரிங்க்ஸ் பழக்கம் உண்டானு கேட்டா உடனே இல்லன்னு தான் சொல்லுவாங்க. கொஞ்சம் பேச்சு கொடுத்தா பழ வாசனை சேர்த்து பாட்டில்ல விக்கற இனிப்பு மது, அதுல வீக்கெண்ட்ல ஆப்பிள் ஃப்ளேவர் மட்டும் ரெண்டு பாட்டில்னு வரும், அது கணக்குலயே இல்லையாம், லேடீஸ் ட்ரிங்க்காம்.

சரி கணக்கு போடுவோம். 275 மில்லி பாட்டில், லேபிள்ல 4.8 சதவீதம்னா உள்ள சுத்தமான ஆல்கஹால் 13 மில்லி. ரெண்டு குடிச்சா 26. நம்ம ஊர் வோட்கா 42.8 சதவீதம், ஒரு லார்ஜ் 60 மில்லில இருக்கறதும் கிட்டத்தட்ட அதே 26 தான். வோட்கான்னா தொண்டை எரியும், ஒரு அளவுக்கு மேல உடம்பே வேணாம்னு சொல்லும். இதுல சர்க்கரையும் எசன்ஸும் அந்த எரிச்சலை மறைச்சிடுது, அதனால தான் மூணாவது பாட்டில் தெரியாமயே உள்ள போகுது.

எங்க ஆயுர்வேதத்தோட பழைய நூல் சரக சம்ஹிதைல மதாத்யயம்னு மதுவால வர்ற நோய்களுக்கே தனி அத்தியாயம் இருக்கு. உஷ்ணம் (சூடு), தீக்ஷ்ணம் (காரம், ஊடுருவற தன்மை), ரூக்ஷம் (வறட்சி), புளிப்புன்னு மதுவுக்கு பத்து குணம் சொல்லி, அது பத்தும் ஓஜஸோட பத்து குணத்துக்கு நேர் எதிர்னு சரகர் சொல்றாரு. ஓஜஸ்னா உடம்போட சாரம், தெம்பு, எதிர்ப்பு சக்தி எல்லாம் அதுல தான் நிக்குது. மேல ஸ்ட்ராபெரி வாசனை சேர்த்தா இந்த குணம் மாறாது, பித்தம் ஏறத்தான் செய்யும். கூடவே ஐஸ் போட்ட இனிப்பு, பொரிச்ச சிக்கன், அதுவும் ராத்திரி பதினோரு மணிக்குன்னா அக்னி, அதாவது செரிக்கற சக்தி படுத்துடும், ஆமம்னு சொல்ற செரிக்காத கழிவு சேரும். வயிறு உப்புசம், நாக்குல வெள்ளைப் படிவு, மறுநாள் பூரா மந்தம்.

"உங்க அரிஷ்டத்துலயும் ஆல்கஹால் இருக்கே?"னு, புளிக்க வச்சு செய்யற ஆயுர்வேத மருந்தைப் பத்தி கேப்பாங்க, நியாயமான கேள்வி தான். இருக்கு, புளிக்கும்போது தானா உண்டாகறது. 8 சதவீதம்னே வச்சாலும் 20 மில்லி டோஸ்ல 1.6 மில்லி தான் வரும், அதையும் சாப்பாட்டுக்கு அப்புறம் தண்ணி கலந்து குடிக்கச் சொல்றோம். அப்படியும் கர்ப்பிணிங்களுக்கும் லிவர் பிரச்சனை உள்ளவங்களுக்கும் நான் யோசிச்சு தான் எழுதுவேன், வெல்லம் இருக்கறதால சுகர் பேஷண்ட்டுக்கும் அப்படித்தான்.

சுகர்னதும் ஒண்ணு. மாத்திரையோ இன்சுலினோ எடுக்கறவங்க வெறும் வயித்துல இந்த ஃப்ளேவர் பாட்டிலைக் குடிச்சா முதல்ல சர்க்கரை ஏறும், அப்புறம் லிவர் ரத்தத்துக்கு சர்க்கரை விடறதை ஆல்கஹால் தடுக்கறதால நடுராத்திரில திடீர்னு இறங்கிடலாம். வேர்த்து, குழறிப் பேசினா பக்கத்துல இருக்கறவங்க போதைன்னு விட்டுடுவாங்க, ஆபத்தே அங்க தான்.

ஆனா தினமும் நிறைய குடிக்கறவங்க இதைப் படிச்சிட்டு நாளைக்கே சட்டுனு நிறுத்திட்டு வீட்ல கஷாயம் வச்சு சமாளிக்கலாம்னு நினைக்காதீங்க, கை நடுக்கம், ஃபிட்ஸ் வரை போகும். முதல்ல ஆஸ்பத்திரி போய் டாக்டர் கண்காணிப்புல நிறுத்துங்க, எங்ககிட்ட அப்புறமா வரலாம்.