காவல் நிலைய ஆவணத்துக்கு ஆர்.டி.ஐ. போடும்போது

புகார் கொடுத்து மாதக்கணக்காகியும் நடவடிக்கை இல்லை என்று என் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பலர், ஏற்கெனவே ஒரு ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமை) மனு போட்டுப் பார்த்திருப்பார்கள். மனு மூன்று பக்கம் இருக்கும்; வந்த பதில் மூன்று வரி. ‘என் புகார் மீது ஏன் இதுவரை வழக்குப் பதியவில்லை? எதிர்மனுதாரரிடம் ஆய்வாளர் பணம் வாங்கினாரா? இது சட்டப்படி சரிதானா?’ என்று கேட்டிருப்பார்கள். ‘தாங்கள் கோரியவை தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, பிரிவு 2(எஃப்)-இன்படி தகவல் என்ற வரையறைக்குள் வரவில்லை’ என்று பதில் வந்திருக்கும். படிக்க எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் இந்தப் பதில் மேல்முறையீட்டிலும் பெரும்பாலும் நின்றுவிடும்.

காரணம் எளிது. அந்தச் சட்டம் அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கும் ஆவணத்தைத்தான் தரச் சொல்கிறது. அதிகாரி விளக்கம் எழுதித் தரவோ, கருத்துச் சொல்லவோ கடமைப்பட்டவர் அல்ல. 2011-இல் சி.பி.எஸ்.இ. எதிர் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றமே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே ‘ஏன்’ என்று ஆரம்பிக்கும் எந்த வரியும் வீண். அதே ‘ஏன்’ எந்தக் காகிதத்தில் பதிவாகியிருக்கும் என்று யோசித்து, அந்தக் காகிதத்தைக் கேட்க வேண்டும்.

மேலே சொன்ன மனுவையே நான் இப்படி மாற்றி எழுதுவேன்: ‘இன்ன தேதியில் இன்ன காவல் நிலையத்தில் நான் நேரில் அளித்த புகார், சி.எஸ்.ஆர். எண் இன்னது. (1) அந்தப் புகார் பதிவான பதிவேட்டுப் பக்கத்தின் நகல். (2) அன்று காலை 10 மணி முதல் மாலை 6 மணி வரை நிலையப் பொது நாட்குறிப்பில் என் புகார் தொடர்பாக எழுதப்பட்ட பதிவுகளின் நகல். (3) புகாரை விசாரிக்க யாரிடம் ஒப்படைக்கப்பட்டது என்பதைக் காட்டும் ஆவணத்தின் நகல். (4) விசாரணை முடிந்திருந்தால் விசாரணை அறிக்கையின் நகல். அனைத்தும் சான்றிட்ட நகல்களாக வேண்டும்.’ அவ்வளவுதான். சி.எஸ்.ஆர். என்பது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு நிலையம் தரும் ரசீது. ஏன் கேட்கிறீர்கள் என்று எழுத வேண்டாம்; பிரிவு 6(2) காரணம் கேட்பதையே தடுக்கிறது. திட்டவும் வேண்டாம்.

பொது நாட்குறிப்பைக் கேட்கும் (2)-ஆம் கோரிக்கைக்கு ஒரு பின்னணி உண்டு. 2013-இல் லலிதா குமாரி வழக்கில், நிலையத்துக்கு வரும், பிடியாணை இல்லாமலே போலீஸ் கைது செய்யக்கூடிய குற்றம் பற்றிய எல்லாத் தகவலும், அதில் எஃப்.ஐ.ஆர். போட்டாலும் போடாமல் முதற்கட்ட விசாரணைக்கு எடுத்தாலும், பொது நாட்குறிப்பில் ஏற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பதிவு இருந்தால் உங்களுக்கு ஆவணம் கிடைக்கிறது. ‘அப்படி ஒரு பதிவு இல்லை’ என்று கையெழுத்துப் போட்டு எழுதித் தந்தால், அது இன்னும் நல்ல ஆவணம்.

அப்புறம், ஆர்.டி.ஐ. தேவையே இல்லாத இடங்களிலும் மக்கள் அதைப் போட்டு 30 நாளை வீணாக்குகிறார்கள். நீங்கள் புகார்தாரரோ பாதிக்கப்பட்டவரோ என்றால், எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டியது நிலையத்தின் கடமை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 173(2) இதைச் சொல்கிறது. மற்றவர்களுக்கு இணையம் இருக்கிறது. 2016-இல் யூத் பார் அசோசியேஷன் வழக்கில், எஃப்.ஐ.ஆர்.களை 24 மணி நேரத்துக்குள், முடியாத இடங்களில் அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள், இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தமிழ்நாடு காவல் துறையின் இணையச் சேவைப் பக்கத்தில் எஃப்.ஐ.ஆர்., சி.எஸ்.ஆர். நிலை இரண்டையும் பார்க்கலாம். பாலியல் குற்றங்கள், போக்சோ, தீவிரவாதம் போன்ற வழக்குகள் மட்டும் அங்கே இருக்காது. வழக்கு நீதிமன்றத்துக்குப் போய்விட்டதா? அப்படியானால் அங்கேயே நகல் மனு போடுங்கள், வேகமாக வரும். விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதையும் 90 நாட்களுக்குள் காவல் துறையே புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது அதே சன்ஹிதாவின் பிரிவு 193(3). நடைமுறையில் கேட்காமல் யாரும் சொல்வதில்லை என்பது வேறு கதை. அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் எழுதினாலே சில இடங்களில் பதில் வருகிறது.

சரி, இப்போது பெரிய முட்டுக்கட்டை: தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் பிரிவு 8(1)(எச்). ‘வழக்கு புலன் விசாரணையில் உள்ளதால் தகவல் வழங்க இயலாது’ என்ற ஒற்றை வரி. இதைப் பார்த்ததும் பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் சட்டத்தில் உள்ள சொற்கள் அப்படி இல்லை. விசாரணையை, கைதை, வழக்கு நடத்துவதைத் ‘தடை செய்யக்கூடிய’ தகவலைத்தான் மறுக்கலாம். 2007 டிசம்பரில் பகத் சிங் எதிர் தலைமைத் தகவல் ஆணையர் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம், விசாரணை நடந்துகொண்டிருப்பது மட்டுமே மறுக்கக் காரணமாகாது, தகவல் தருவதால் அது எப்படித் தடைபடும் என்பதை அதிகாரி காட்ட வேண்டும் என்றது. மறுப்பு நியாயமானது என்று நிரூபிக்கும் சுமையும் பிரிவு 19(5)-இன்படி அதிகாரியின் தலையில்தான். முதல் மேல்முறையீட்டில் நான் எழுதுவது பெரும்பாலும் இந்த இரண்டும்தான். கூடவே பிரிவு 10. கோப்பில் சாட்சியின் பெயரோ இரகசியத் தகவல் தந்தவரின் அடையாளமோ இருந்தால், அந்த வரிகளை மட்டும் மறைத்துவிட்டு மீதியைத் தரச் சொல்லும் பிரிவு அது.

ஆனால் விசாரணை அதிகாரி தன் விசாரணை பற்றி எழுதிவரும் வழக்கு நாட்குறிப்பைக் கேட்காதீர்கள், கிடைக்காது. விசாரணை நடக்கும்போது சாட்சிகளின் வாக்குமூலமும் அப்படித்தான். அவற்றைப் பட்டியலில் சேர்த்தால் மற்றவற்றையும் சேர்த்து மறுக்க அதிகாரிக்கு வசதியாகிவிடும். அடுத்தவர் மீதுள்ள வழக்கு விவரங்களைக் கேட்டாலும் இப்போது சிரமம்தான். தனிப்பட்ட தகவல் தொடர்பான 8(1)(ஜே) பிரிவை 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் இறுக்கிவிட்டது. பொது நலன் மேலோங்கினால் தரலாம் என்ற 8(2) மட்டும் மிச்சம் இருக்கிறது. அந்தப் பொது நலன் என்ன என்பதை மனுவிலேயே இரண்டு வரியில் எழுதிவிடுங்கள். காரணம் எழுத வேண்டாம் என்று மேலே சொன்னதற்கு இது ஒன்றுதான் விலக்கு.

முடித்துவிட்ட வழக்குகள் வேறு மாதிரி. ‘பொருண்மைப் பிழை’ என்றோ ‘கண்டுபிடிக்க முடியவில்லை’ என்றோ வழக்கை முடித்துவிட்டார்கள் என்றால், தடைபட அங்கே விசாரணையே இல்லை. வழக்கை முடிக்கும் முன் புகார்தாரருக்கு அறிவிப்புத் தர வேண்டும், நாங்கள் ஆர்.சி.எஸ். நோட்டீஸ் என்போம். அதைக் கொடுத்தாகிவிட்டது என்று கோப்பில் இருக்கும், புகார்தாரருக்கோ எதுவுமே தெரியாது. இப்படி வந்த ஒரு வழக்கில், நோட்டீஸ் நகலோடு அது புகார்தாரரிடம் சேர்க்கப்பட்டதற்கான ஒப்புதல் கையெழுத்தின் நகலையும் கேட்டோம். வந்த தாளில் கையெழுத்து இருந்தது, புகார்தாரருடையது அல்ல. நீதிமன்றத்தில் ஆட்சேப மனு போட அந்த ஒரு தாள் போதுமானதாக இருந்தது.

நடைமுறை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய், நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை. மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகம், மாநகரமானால் ஆணையர் அலுவலகம், அங்குள்ள பொதுத் தகவல் அலுவலருக்கு என்று முகவரியிடுங்கள். அலுவலகம் மாறிப் போனாலும் 5 நாட்களுக்குள் உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டியது அவர்கள் பொறுப்பு. நிலையத்தில் நேரில் நீட்டாதீர்கள். ஒப்புகையுடன் தபாலில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றாலோ, பதில் திருப்தியில்லையென்றாலோ அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் சரியாகாவிட்டால் 90 நாட்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்டதானால் 48 மணி நேரம்தான் கெடு. வீட்டிலிருந்து அழைத்துப் போனவரைக் காணோம் என்றால் இதைப் பயன்படுத்தலாம், ஆனால் அதை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. அன்றே உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவுக்கு ஏற்பாடு செய்ய வேண்டும்.

நிலையத்துக்குள் அடித்தார்கள், புகாரை வாங்க மறுத்தார்கள் என்பது போன்ற விவகாரங்களில் சி.சி.டி.வி. பதிவுதான் முக்கியம். 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வைக்க வேண்டும், பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், அந்த வசதி இல்லாத இடத்திலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இங்கே மேல்முறையீடு வரை போய் முடிவதற்குள் பதிவு அழிந்துவிடும். அதனால் ஆர்.டி.ஐ. மனு அனுப்பும் அன்றே, தேதி, நேரம், எந்த வாசல் அல்லது அறை என்று குறிப்பிட்டு, அந்தப் பதிவை அழிக்காமல் பாதுகாக்கும்படி நிலையத்துக்கும் கண்காணிப்பாளருக்கும் தனிக் கடிதம் ஒன்று அனுப்பிவிடுங்கள். கேமரா அன்று வேலை செய்யவில்லை என்று பதில் வந்தால், பழுது பற்றி எழுதிய கடிதங்கள், பழுது பார்த்த ரசீது ஆகியவற்றின் நகல் கேட்டு அடுத்த மனுவைப் போடலாம்.