முகத்துக்கு ஒரு மாட்டல்

கோவையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: “எனக்கு 52 வயது. வருகிற தை மாதம் மகளுக்குக் கல்யாணம். இரண்டு வருடமாகத் தாடை ஓரத்தில் சதை தொங்குகிறது. நன்றாகத் தூங்கி எழுந்து போனாலும் ஆபீஸில் ‘உடம்பு சரியில்லையா மேடம்?’ என்கிறார்கள். ஒரு கிளினிக்கில் நூல் போட்டுத் தூக்கிவிடலாம், ஒரு மணி நேர வேலை என்றார்கள். இன்னொரு டாக்டர் ஃபேஸ்லிஃப்ட் ஆபரேஷன்தான் சரி என்கிறார். யாரை நம்புவது? இதையெல்லாம் விசாரிக்கிறேன் என்றதும் என் தங்கை சிரிக்கிறாள்.”

தங்கை சிரிக்கட்டும். அவரும் தலைக்குச் சாயம் பூசுகிறவராகத்தான் இருப்பார். செய்துகொள்வதா வேண்டாமா என்பது உங்கள் பாடு, அதில் நான் தலையிடவில்லை. ஆனால் தோல் எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிந்துவிட்டால் யாரிடம் போவது, என்ன கேட்பது, போவதற்கு முன் எதை நிறுத்துவது என்பதில் முக்கால்வாசி விளங்கிவிடும்.

முகம் ஏன் தொங்குகிறது என்பதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வயதாக ஆகக் கண்குழி கொஞ்சம் அகலமாகிறது, மேல்தாடை எலும்பு பின்வாங்குகிறது. கன்னத்துக் கொழுப்பு சில இடத்தில் வற்றி, சில இடத்தில் கீழே சரிகிறது. தோலை எலும்போடு பிடித்து வைத்திருக்கும் நார்கள் தளர்கின்றன. மாதவிடாய் நின்ற முதல் ஐந்து வருடத்தில் தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற நார்ப்புரதம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைகிறது என்பது பல ஆய்வுகளில் வந்த கணக்கு. ஆக, தொங்குவது தோல் மட்டும் இல்லை, அடுக்கடுக்காக எல்லாமே. இதை முகத்துக்கான யோகாவோ தங்க ஃபேஷியலோ மேலே ஏற்றாது.

சரி, இழுத்துத் தைத்துவிட்டால்? இங்கேதான் எனக்குப் பிடித்த சமாச்சாரம் வருகிறது.

எங்களுக்குத் திருநெல்வேலிப் பக்கம். என் ஆச்சிக்கு வளர்த்த காது. சிறு பிள்ளையாக இருக்கும்போதே காதில் பெரிதாகத் துளை போட்டு, பஞ்சைத் திணித்து, பிறகு ஓலைச்சுருள் வைத்து, அப்புறம் ஈயக் குணுக்கு மாட்டி, கடைசியில் பாம்படம். நான் பார்க்கும்போது பாம்படம் விற்றுப் போயிருந்தது, காது மட்டும் தோளைத் தொட்டுக்கொண்டு ஊஞ்சல் மாதிரி ஆடும். அந்த வளையத்துக்குள் என் கை முழுவதும் நுழையும். “கிழியலையா ஆச்சி?” என்று கேட்டிருக்கிறேன். “கிழியாது, வளரும்” என்பாள்.

ஆச்சி சொன்னது அறிவியல்படி சரி. கொலாஜன் நார்கள் தோலுக்குள் சுருள் சுருளாகக் கிடக்கின்றன. இழுத்தால் முதலில் சுருள் நிமிரும். இழுத்தபடியே வைத்திருந்தால் நார்களுக்கு நடுவில் இருக்கும் நீர் ஒதுங்கி, நார்கள் ஒன்றையொன்று தாண்டி வழுக்கி, இழுக்கும் திசையில் வரிசை கட்டிக்கொள்ளும். சில நிமிடத்திலேயே இழுவிசை குறைய ஆரம்பிக்கும். நீங்கள் கொஞ்சமும் விட்டுக்கொடுக்கவில்லை, தோல் விட்டுக்கொடுத்துவிட்டது. இது முதல் கட்டம். இழுவை வாரக்கணக்கில் தொடர்ந்தால் இரண்டாம் கட்டம்: செல்கள் இழுபடுவதை உணர்ந்து பிரிந்து பெருகுகின்றன, புதுத் தோலே உண்டாகிறது. கர்ப்பிணியின் வயிறு வளர்வதும் இப்படித்தான். தீக்காயம் பட்டவர்களுக்கு நல்ல தோலின் அடியில் சிலிக்கோன் பலூன் வைத்து, வாரம் ஒருமுறை உப்பு நீர் ஏற்றிக் கூடுதல் தோலை வளர்த்து எடுப்பதும் இதே தந்திரம்தான். தோலின் மேல் தொடர்ந்து பாரம் இருந்தால், நீண்டு கொடுப்பதே அதன் குணம்.

ஆரம்பகால ஃபேஸ்லிஃப்ட்கள் இந்தக் குணத்திடம்தான் தோற்றன. பெர்லினில் யூஜென் ஹோலெண்டர் 1901இல் ஒரு போலந்துச் சீமாட்டிக்குக் காதோரத் தோலைத் துண்டு துண்டாக வெட்டித் தைத்ததாகப் பின்னாளில் எழுதினார். பல பத்தாண்டுகள் இதே முறைதான்: தோலைக் கிளப்பு, இழு, மிச்சத்தை வெட்டு, தை. தோல் தளர்ந்துவிடும். தையல் மட்டும் தன் மேல் விழுந்த இழுவைக்குப் பதிலாகப் பட்டையான தழும்பைப் போட்டுக்கொள்ளும். காது மடலின் அடிப்பகுதி கன்னத்தோடு சேர்ந்து கீழே இழுபட்டு ஒட்டிக்கொள்ளும். ஆச்சிக்கு ஆசையாக வளர்த்த காது, இவர்களுக்குக் கேட்காமலே வளர்ந்தது.

இதற்கு விடை நம் வீட்டு நகைப்பெட்டியிலேயே இருக்கிறது. கனமான ஜிமிக்கி போட்டால் காது இறங்கிவிடும் என்று மாட்டல் போடுகிறோம் இல்லையா? ஜிமிக்கி தொங்குவது காதில், அதன் கனம் போவது தலைமுடிக்கு. முகத்திலும் அப்படி ஒரு மாட்டல் இருக்கிறது. தோல், அதன் கீழே கொழுப்பு, அதற்கும் கீழே நாரும் தசையும் கலந்த ஒரு மெல்லிய விரிப்பு. கழுத்துத் தசையிலிருந்து கன்னம் வரை ஒரே துணியாக ஓடுகிறது. ஸ்வீடனில் டோர்ட் ஸ்கூக் என்ற சர்ஜன் தோலோடு சேர்த்து ஆழமான அடுக்கையும் தூக்கிப் பார்த்தார். 1976இல் பிரான்சின் மிட்ஸ், பெய்ரோனி இருவரும் அந்த விரிப்பைத் தெளிவாக விவரித்துப் பெயர் சூட்டினார்கள். சர்ஜன்கள் சுருக்கமாக ‘ஸ்மாஸ்’ என்பார்கள். இது தோலைப் போல அவ்வளவு எளிதில் தளர்வதில்லை. ஆகவே இழுப்பதையெல்லாம் இந்த விரிப்பில் இழுத்து, காதுக்கு முன்னால் உறுதியான இடத்தில் தைத்துவிட வேண்டும். தோலை அதன் மேல் சும்மா போர்த்தி, மிஞ்சியதை மட்டும் வெட்டிச் சேர்க்க வேண்டும். நல்ல ஃபேஸ்லிஃப்டில் தோல் எதையும் தூக்குவதில்லை.

எனவே டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: “இழுவையை எந்த அடுக்கில் வைப்பீர்கள்?” ஒரு பேப்பரை எடுத்துப் படம் போட ஆரம்பிக்கிறாரா, உட்கார்ந்து கேளுங்கள். “அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் மேடம், இன்றைக்கு அட்வான்ஸ் கட்டினால் தள்ளுபடி” என்றால் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். நூல் போடுவது பற்றியும் ஒரு வார்த்தை. வழக்கமாகப் போடும் பிடிஓ நூல் ஆறேழு மாதத்தில் உடம்புக்குள் கரைந்துவிடும். லேசான தளர்ச்சிக்குக் கொஞ்ச நாள் உதவலாம். தாடைச் சதையின் பாரத்தை வருடக்கணக்கில் தாங்க அதனால் முடியாது.

ஆழமான அடுக்கில் வேலை செய்வதற்கு ஒரு விலை உண்டு. புருவத்தைத் தூக்கி, கண்ணை மூடி, சிரிக்க வைக்கும் முகநரம்பின் கிளைகள் அந்த விரிப்புக்குச் சற்றுக் கீழேதான் ஓடுகின்றன. நெற்றிக்குப் போகும் கிளையின் வழியைப் பிரேசில் சர்ஜன் இவோ பிடாங்கி 1966இல் முகத்தின் மேல் ஒரு கோடாகவே போட்டுக் காட்டினார்: காது முன்குமிழுக்கு அரை சென்டிமீட்டர் கீழிருந்து புருவ ஓரத்துக்கு ஒன்றரை சென்டிமீட்டர் மேல் வரை. இன்றும் ஆபரேஷனுக்கு முன் மார்க்கர் பேனாவால் அந்தக் கோட்டைப் போடுகிறவர்கள் உண்டு. நரம்பு லேசாக அடிபட்டால் பெரும்பாலும் சில வாரம், சில மாதத்தில் திரும்பிவிடும், ஆனால் எப்போதும் அல்ல.

அதனால்தான் பட்டத்தைப் பார்க்கச் சொல்கிறேன். எம்.எஸ். பொது அறுவைக்குப் பின் எம்சிஎச் பிளாஸ்டிக் சர்ஜரி, அல்லது அதற்கு இணையான டிஎன்பி. ‘காஸ்மெட்டாலஜி’ என்ற பெயரில் சில வாரத்தில் வாங்கும் சான்றிதழ் வேறு, இது வேறு. பதிவு எண்ணைக் கேட்டுத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்தில் சரிபாருங்கள், இரண்டு நிமிட வேலை. அதோடு நின்றுவிடாதீர்கள். கை ஒட்டுவதிலும் தீக்காயத்திலும் மன்னனாக இருக்கும் பிளாஸ்டிக் சர்ஜன் வருடத்துக்கு ஒரு ஃபேஸ்லிஃப்ட்கூடச் செய்யாதவராக இருக்கலாம். “கடந்த வருடம் எத்தனை செய்தீர்கள்?” என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. படம் காட்டச் சொன்னால் ஒரு மாதப் படம் வேண்டாம், அப்போது வீக்கமே சுருக்கத்தை மறைத்துவிடும். ஒரு வருடம் கழித்து எடுத்ததைக் கேளுங்கள். முன்னும் பின்னும் ஒரே வெளிச்சமா, பின்படத்தில் மட்டும் லிப்ஸ்டிக்கும் சிரிப்புமா என்று பாருங்கள். கன்னத்தைப் பார்த்து மயங்காமல் காது மடலையும் காதின் பின்பக்கத் தழும்பையும் பாருங்கள். இழுவை எங்கே இருந்தது என்பதை அவை சொல்லிவிடும்.

இனி ரத்தம். தோலை அடியிலிருந்து கிளப்பியதும் அதற்குக் கீழிருந்து வரும் ரத்தக்குழாய்கள் அறுபடுகின்றன. மிச்சம் இருப்பது பக்கவாட்டில் வரும் நுண்ணிய வலை ஒன்றுதான். 1794இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் புனே அருகே நடந்த ஒரு சிகிச்சை வெளியானது. திப்புவின் படையிடம் சிக்கி மூக்கை இழந்த காவஸ்ஜி என்ற வண்டிக்காரருக்கு, குயவர் சாதியைச் சேர்ந்த ஒருவர் மெழுகில் அளவெடுத்து, நெற்றித் தோலைக் கிளப்பிப் புது மூக்கு வைத்தார். புருவங்களுக்கு நடுவே ஒரு சின்னத் தோல் பாலத்தை மட்டும் வெட்டாமல் விட்டு, சுமார் 25 நாள் கழித்தே அறுத்தார். புது இடத்தில் ரத்தம் பிடிக்கும் வரை பழைய இடத்திலிருந்து ஊட்ட அந்தப் பாலம் வேண்டும் என்பது அவர் கைக்குத் தெரிந்திருந்தது. இப்படி ஒரு நிஜமான பெருமை இருக்கும்போது, யானைத் தலை ஒட்டியதை பிளாஸ்டிக் சர்ஜரி என்று மேடையில் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். அந்த நேரத்துக்கு அரசு மருத்துவமனைத் தீக்காயப் பிரிவுகளுக்குக் கொஞ்சம் நிதி ஒதுக்கினால் போதும். தோலை உயிரோடு நகர்த்தும் கலையை நம் சர்ஜன்கள் கற்றுக்கொள்வது அங்கேதான்.

உங்கள் கட்டைவிரல் நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்து, இரண்டு விநாடிக்குள் சிவக்கும். ஆபரேஷன் முடிந்த தோலையும் டாக்டர்கள் இப்படித்தான் அழுத்திப் பார்ப்பார்கள். காதின் பின்புறம்தான் ரத்தம் கடைசியாக எட்டும் கோடி. தோல் செத்துக் கறுப்பதானால் பெரும்பாலும் அங்கேதான். நிக்கோட்டின் அந்த நுண்குழாய்களைச் சுருக்குகிறது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, வருகிற கொஞ்ச ரத்தத்தின் ஆக்சிஜனையும் பறிக்கிறது. 1984இல் ரீஸ் என்ற சர்ஜனும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வில், புகைப்பவர்களுக்குத் தோல் அழுகும் ஆபத்து 12 மடங்கு. “நான் சிகரெட் குடிப்பதில்லையே” என்பீர்கள். வெற்றிலையோடு போடும் புகையிலையிலும், பல்லில் தேய்க்கும் புகையிலைப் பொடியிலும், விடுவதற்காக மெல்லும் நிக்கோட்டின் கம்மிலும் அதே நிக்கோட்டின்தான். குறைந்தது நான்கு வாரம் முன்னதாகவே நிறுத்த வேண்டும். வீட்டுக்காரர் புகைப்பவரா? அந்த மாதம் அவர் மொட்டை மாடிக்குப் போகட்டும்.

ஆஸ்பிரின் எடுப்பவரானால் அதையும் சொல்லியாக வேண்டும். ரத்தத் தட்டுகளில் உட்கரு கிடையாது. ஆஸ்பிரின் முடக்கிய நொதியைத் திரும்பச் செய்துகொள்ள அவற்றால் முடியாது, தட்டு செத்துப் புதியது வர ஏழு முதல் பத்து நாள் ஆகும். ஆனால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் தாங்களாக நிறுத்தவே கூடாது, இதய டாக்டர் சொல்லட்டும். மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, பூண்டு மாத்திரை, யாரோ கொடுத்த லேகியம், எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்துப் போய் மேஜையில் கொட்டுங்கள். பிரஷர், சர்க்கரை கட்டுக்குள் இருக்கட்டும். எடை குறைப்பதானால் இப்போதே குறையுங்கள், பிறகு குறைத்தால் தோல் மறுபடி தளரும்.

நாள் குறிக்கும்போது ராகுகாலம் பார்ப்பவர்கள், அன்று இரவு ஆஸ்பத்திரியில் யார் இருப்பார் என்று கேட்பதில்லை. இந்த ஆபரேஷனில் அதிகம் வரும் சிக்கல் ரத்தக்கட்டு, பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்தில் வரும். மயக்கம் தெளியும்போது இருமலிலோ வாந்தியிலோ பிரஷர் ஏறினால் அடைபட்ட குழாய் திறந்துகொள்ளும். இரண்டு கன்னமும் லேசாக வலிப்பது சகஜம். ஒரு பக்கம் மட்டும் வீங்கி, வலி கூடிக்கொண்டே போனால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. தியேட்டரைத் திறக்க ஆள் இருக்க வேண்டும். மயக்க மருந்து டாக்டர் யார் என்பதையும் முன்னாலேயே கேட்டுவிடுங்கள். செலவுக்கு மருத்துவக் காப்பீடு வராது, அழகு சிகிச்சைகளை அவை ஏற்பதில்லை.

கல்யாணம் தையில் என்றால் ஆவணி, புரட்டாசிக்குள் முடித்துவிடுங்கள். கன்றிய நீலமும் வீக்கமும் இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலும் அடங்கும், தழும்பின் சிவப்பு அடங்க மாதங்கள் ஆகும். தலைக்குச் சாயம் முன்னாலேயே பூசிக்கொள்ளுங்கள், பிறகு பல வாரம் விடமாட்டார்கள். முடியையும் இப்போதே வெட்டிக் குறைக்காதீர்கள், தழும்பை மூட உதவும்.

காது மடலுக்கு உணர்வு கொடுக்கும் நரம்பு வெட்டும் வழியிலேயே ஓடுவதால் மடல் சில மாதம் மரத்துப் போயிருக்கலாம். திருகாணி அழுத்தினாலும் உங்களுக்குத் தெரியாது. அதனால் கல்யாணத்தன்று கம்மலைக் கண்ணாடி பார்த்து நீங்களே போடாமல் அந்தத் தங்கையைக் கூப்பிட்டுப் போடச் சொல்லுங்கள். ஜிமிக்கி என்றால் மாட்டலோடு.