புதுக்கோட்டைக்காரர்களே, உங்கள் எம்.பி. யார்? மனுவோடு பஸ் ஏறும் முன் பாருங்கள்

விராலிமலைப் பக்கத்து ஊர்க்காரர்கள் நாலு பேர், பஸ் நிறுத்தத்துக்கு நிழற்குடை கேட்டு மனு எழுதி ஓர் எம்.பி. அலுவலகத்துக்குப் போனார்கள். நானும் கூடப் போயிருந்தேன். அங்கே இருந்தவர் ஊர்ப் பெயரை மட்டும் பார்த்துவிட்டு, “நீங்க எங்க தொகுதியே இல்லையே” என்று மனுவைத் திருப்பிக் கொடுத்தார். எங்கே போக வேண்டும் என்று சொல்லவில்லை. ஒரு நாள் கூலி போனதுதான் மிச்சம்.

புதுக்கோட்டை என்றொரு நாடாளுமன்றத் தொகுதி இருந்தது. முதல் தேர்தலில் வல்லத்தரசு, 1962-லும் 1967-லும் உமாநாத், 1996-ல் திருச்சி சிவா, 1999-ல் திருநாவுக்கரசர், கடைசியாக 2004-ல் ரகுபதி. 2008 மறுவரையறையில் தொகுதியையே எடுத்துவிட்டார்கள். மாவட்டம் அப்படியே இருக்க, அதன் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் நாலு எம்.பி.களிடம் போய்விட்டன.

புதுக்கோட்டை, கந்தர்வகோட்டை இரண்டும் திருச்சியோடு சேர்ந்தவை; 2024-ல் வென்றவர் துரை வைகோ. திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கையில், கார்த்தி சிதம்பரம். அறந்தாங்கி ராமநாதபுரத்தில், நவாஸ் கனி. விராலிமலை மட்டும் தனியாகக் கரூரில், ஜோதிமணி. விராலிமலையிலிருந்து திருச்சிதான் கிட்டம், ஆனால் மனு கரூர் எம்.பி.க்குத்தான் போக வேண்டும்!

தாலுகா பெயரை வைத்துத் தொகுதியை முடிவு செய்யாதீர்கள். இலுப்பூர் என்று தனித் தொகுதி கிடையாது, அது விராலிமலையில் வருகிறது. பழைய வாக்காளர் அட்டையையும் நம்ப வேண்டாம். 2008-க்கு முந்தைய அட்டைகளில் இப்போது இல்லாத குளத்தூர் தொகுதியெல்லாம் இருக்கும். வாக்காளர் பட்டியலின் முதல் பக்கத்தில் சட்டமன்றம், நாடாளுமன்றம் இரண்டின் பெயரும் உண்டு. தேர்தல் உதவி எண் 1950-க்கு போன் போட்டும் கேட்கலாம்.

சரி, ஆளைக் கண்டுபிடித்தாயிற்று. எம்.பி. தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். ஓர் எம்.பி.யின் கீழ் வரும் ஆறு சட்டமன்றத் தொகுதிக்கும் அதுதான் என்பதால் வரிசை நீளம். இந்த நிதிக்காக கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனு கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் நிறைய. பணியைப் பரிந்துரைக்க வேண்டியவர் எம்.பி.; அந்தக் கடிதம் போகாமல் மாவட்ட நிர்வாகம் இந்த நிதியில் கை வைக்காது. இதைக் கவுண்டரில் யாரும் சொல்வதில்லை, மனுவில் சீல் மட்டும் குத்திக் கொடுப்பார்கள்.

மனுக்கள் அதிகம் அடிபட்டுப் போவது இடத்தின் விஷயத்தில்தான். கோயிலுக்குச் சொந்தமான நிலத்தில் சமுதாயக் கூடம் கேட்டால் கிடைக்காது. வழிபாட்டுத் தலத்துக்குள்ளும், மத அமைப்பின் நிலத்திலும் இந்த நிதியில் கட்டக் கூடாது என்பது விதி. ஊரில் ‘பொது இடம்’ என்று எல்லாரும் சொல்லும் இடம் ஏட்டில் கோயில் பெயரிலோ, ஒரு பங்காளி பெயரிலோ இருக்கும். மனு எழுதும் முன்பே வி.ஏ.ஓ.விடம் ‘அ’ பதிவேட்டைப் பார்த்து, சர்வே எண்ணை மனுவில் போடுங்கள். தனி நபர் உதவிக்கும் இந்த நிதி கிடையாது. மகள் கல்யாணம், வீட்டுக் கூரை என்று கேட்டு அலைய வேண்டாம்.

மனு கொடுத்தால் நகலில் தேதியும் கையெழுத்தும் வாங்காமல் நகராதீர்கள். பரிந்துரை போய்விட்டது என்றால் கடித எண்ணையும் தேதியையும் கேட்டு வாங்குங்கள். கடிதம் கிடைத்த 45 நாளுக்குள் மாவட்ட நிர்வாகம் அனுமதிக்க வேண்டும், அல்லது மறுக்க வேண்டும். “எஸ்டிமேட் வரலை” என்று மூன்றாவது மாதமும் சொன்னால், அந்த எண்ணைப் போட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க்கு ஒரு விண்ணப்பம் போடுங்கள்.

நாலு எம்.பி.களில் உங்களுக்கு உரியவர் அசையவில்லையா? தமிழ்நாட்டிலிருந்து போன மாநிலங்களவை எம்.பி.கள் 18 பேர். அவர்கள் மாநிலத்தில் எந்த ஊருக்கும் பரிந்துரைக்கலாம். அங்கே “எங்க தொகுதி இல்லையே” என்று யாரும் சொல்ல முடியாது.